உபசாரத்துக்குக் கொடுத்த நாய்

போக்கா மான்சா,
ஜனவரி 20, 1997

அன்பிற்குரிய எவரிஸ்தோ அவர்களுக்கு,

நானும் நம் நாய்கள் பெலூசாவும் மோலேயும் பத்திரமாகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். நீங்களும் உங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? குளிரில் விறைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பல் பிடுங்காதீர்கள், மருத்துவ அறையில் அடுப்பை மூட்டச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் இந்தப் பக்கம் தொலைபேசிக் கடை ஒன்றே ஒன்று. நாமோ ‘நீங்கள் முதலில் வையுங்கள்’, ‘இல்லை, நீங்கள் வையுங்கள்’ என்று விடைபெறவே அரை மணி நேரம் எடுப்பவர்கள். வரிசையில் நிற்பவர்கள் அடித்தே விடுவார்கள். அதனால் கடிதம்.

வண்டி மலையிறக்கத்தில் இரண்டு முறை கொதித்து நின்றது. பெலூசா வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். அந்தக் குட்டி வயிற்றில் அவ்வளவு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மோலே முன் இருக்கையில், வழக்கமாக நீங்கள் உட்காரும் இடத்தில், உங்களைப் போலவே ஒரு வார்த்தை பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

இந்த ஊரில் தங்குவதாகவே இல்லை. தண்ணீர் பிடிக்கத்தான் நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் இரண்டும் கடலைப் பார்த்து ஓடிவிட்டன. பெலூசா நுரையைப் பார்த்துக் குரைக்கிறாள், நுரை வந்தால் பின்னால் ஓடுகிறாள், போனால் துரத்துகிறாள். மோலே கூழைக்கடாக்களைப் பார்த்து ஒரு முறை குரைத்தான். அவை திரும்பிக்கூடப் பார்க்காததால் அவமானப்பட்டு மணலைத் தோண்டத் தொடங்கினான்.

இன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஓலைப் பந்தலில் மீன் பொரித்து விற்கும் சென்ச்சா என்ற பெண்மணி காலையில் மண்பானைக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு அவளுடைய வலை ஊஞ்சலில் படுத்தேன். எழுந்தபோது மீன் வெந்திருந்தது. எலுமிச்சை பிழிந்து, மிளகாய் தூவி, சுடச்சுட சோள ரொட்டியில் சுருட்டி, விரலெல்லாம் எண்ணெய் வழியச் சாப்பிட்டேன். மறுபடி படுத்தேன். இன்று என்ன கிழமை என்று சென்ச்சாவைக் கேட்டால், “எதுக்கு?” என்கிறாள். யோசித்துப் பார்த்தேன், எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு ஒரு சின்னக் குழப்பம். சென்ச்சாவின் கணவர் வுல்ஃப்ரானோ படகை இழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மோலேயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்மா, இது ஒன் நாயா? யப்பா, நெஞ்சைப் பாரு, காலைப் பாரு! இப்படி ஒன்னு என் படகுல இல்லையே.”

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? நம் புவேப்லாவில் நல்ல வளர்ப்புள்ள எந்தப் பெண்ணும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். “உங்களோடதுதாங்க,” என்றேன். அதற்கு மனிதர் ‘அட, உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரிக்க, அவர் சிரிக்க, அதோடு முடிந்திருக்கும். அவரோ, “மெய்யாவா?” என்று கேட்டார்.

எவரிஸ்தோ, என்னை இதுவரை யாரும் ‘மெய்யாவா’ என்று கேட்டதே இல்லை. கேட்டால் என்ன சொல்வது என்று என் அம்மாவும் சொல்லித் தரவில்லை. இல்லை என்றால் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். “மெய்யாத்தாங்க,” என்றேன். அவர் தன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து மோலேயின் கழுத்தில் கட்டினார். “நல்லா இருப்ப தாயி,” என்று சொல்லிவிட்டு நடந்தார். மோலேயும் வாலை ஆட்டிக்கொண்டே போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேடிக்கைக்குச் செய்கிறார் போலும். இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவார்.

எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரச் சொன்னீர்கள். உங்கள் மனதில் அது எவ்வளவு நாள் என்று கேட்கவில்லை, சும்மா பேனாவில் வந்துவிட்டது.

என்றும் உங்கள் விருப்பப்படி நடக்கும்,
ஓர்தென்சியா


புவேப்லா,
ஜனவரி 29, 1997

மிகுந்த மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய ஓர்தென்சியா,

உங்கள் கடிதத்தைப் பேருந்து ஓட்டுநர் நேற்று கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் ஓய்வாக இருப்பது அறிந்து மிக்க மகிழ்ச்சி. என் முதுகைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எரிமலை மூன்று நாளாகப் புகைகிறது. முற்றமெல்லாம் சாம்பல். கூட்டிக் கூட்டித் தள்ளுகிறேன், வந்து விழுந்துகொண்டே இருக்கிறது.

என் அக்கா கொன்சுவேலோ தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருகிறாள். முதல் நாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பிரிஞ்சே போயிட்டீங்களாடா?” என்றாள். “அவங்களுக்கு எது சௌகரியமோ அதுதான்க்கா,” என்றேன். அவள் அழுதாள். மரியாதைக்கு நானும் கொஞ்சம் அழுதேன். மறுநாள் மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாதிரியார் பூசை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, எல்லாம் நன்மைக்கே என்றார். ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, எனக்குத்தான் அது என்ன முடிவு என்று தெரியவில்லை.

ஆகவே, உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், அவசரம் ஒன்றுமில்லை, மீன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சாவகாசமாக, நாம் பிரிந்துவிட்டோமா என்று ஒரு வரி எழுதினால் கேட்பவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும். எழுதாவிட்டாலும் பாதகமில்லை.

மோலே விஷயத்தில் நீங்கள் நடந்துகொண்டது முற்றிலும் சரி. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? தவிரவும் அவனை நான் உங்களுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் உங்களுடையவன். அந்தக் கனவான் இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லையென்றால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கும். நீங்கள் மனம் வருந்த வேண்டாம்.

ஒரு சின்னச் செய்தி, வெறும் தகவலுக்காக. நோயாளி நாற்காலிக்குக் கீழே அவன் படுக்கும் கம்பளம் அங்கேயே கிடக்கிறது. பல் பிடுங்க வரும் பிள்ளைகள் அவன் காதைப் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா? இப்போது என் காதைப் பிடிக்கிறார்கள். இடது காது சற்று வீங்கியிருக்கிறது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

உங்கள் சௌகரியமே தன் சௌகரியமாகக் கருதும்,
எவரிஸ்தோ


போக்கா மான்சா,
பிப்ரவரி 6, 1997

அன்பிற்குரிய எவரிஸ்தோ அவர்களுக்கு,

காதுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். டாக்டருக்கு நான் வைத்தியம் சொல்வதற்கு மன்னிக்கவும்.

மோலே வரவில்லை. இருட்டியும் வரவில்லை, விடிந்தும் வரவில்லை. இப்போது அவன் பெயர் கேப்டன். படகின் முனையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடலுக்குப் போகிறான், மீன் தலையாகத் தின்று உப்பிவிட்டான்.

நான் என்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டேன். முதலில் அவனுடைய சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய், “இது இல்லாம அவன் சாப்பிட மாட்டாங்க,” என்றேன். நம் ஊரில் அந்தக் கணமே நாயை ஒப்படைத்து மன்னிப்பும் கேட்டிருப்பார்கள். வுல்ஃப்ரானோ, “நல்லதாப் போச்சு,” என்று தட்டை வாங்கி உள்ளே வைத்தார். அப்புறம், பெலூசா துணையில்லாமல் ஏங்கிப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். “அடடா, அப்ப அதையும் குடுத்துடறியா?” என்கிறார்! மெழுகுவர்த்தித் திருநாளன்று சென்ச்சாவுக்குச் சோளமாவுத் தமால் அவிக்க உதவினேன். மாவைப் பிசைந்துகொண்டே, புவேப்லாவில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார், அவருக்கு ஒரு நாய் என்றால் உயிர் என்று கதை போலச் சொன்னேன். இரண்டு பேரும் ஆர்வமாகக் கேட்டார்கள். முடிந்ததும், “பாவம், அப்புறம் அந்த நாய் என்னாச்சு?” என்று வுல்ஃப்ரானோ கேட்டார்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது நமக்குப் பழக்கம். இவர்கள் கையை நீட்டினால் மூக்குதான்.

சென்ச்சாவுக்கு மட்டும் ஏதோ புரிந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, ஒனக்கு அந்த நாய் வேணுமா?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. அவருக்கு சந்தோஷம்னா…”

“அவரு சந்தோஷத்தை அவரு பாத்துக்குவாரு. ஒனக்கு வேணுமா, வேணாமா?”

“இல்ல, நாங்க சொன்னது ஒரு…”

“ஒனக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்று அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். வேண்டும் என்று சொன்னால் என்ன, நாக்கு வெந்துவிடுமா? சொல்ல வரவில்லையே!

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாம் பிரிந்துவிட்டோமா என்று நீங்கள் என்னைக் கேட்பதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வலை ஊஞ்சலில் மல்லாந்து கிடந்தேன். அது உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தேன்! புது வருடம் பிறந்தபோது, வழக்கப்படி நள்ளிரவு மணியோடு பன்னிரண்டு திராட்சையும் தின்று முடித்து, கடலைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். நீங்கள் உடனே, “தாராளமாப் போயிட்டு வாங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க. வண்டி உங்களோடது, நாய்ங்க ரெண்டும் உங்களோடது,” என்றீர்கள். சொத்துப் பிரிப்பது போல இருந்தது. நான் உங்கள் நீச்சல் கால்சட்டையைக்கூடப் பெட்டியில் வைத்திருந்தேன். ‘நானும் வரேன்’ என்று சொல்வீர்கள் என்று பார்த்தேன், புறப்படும் காலை வரை பார்த்தேன். அப்புறம் அதை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அதனால் பிரிந்துவிட்டோமா என்று எனக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் சொல்லுங்கள்.

உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
ஓர்தென்சியா


புவேப்லா,
பிப்ரவரி 15, 1997

மிகுந்த மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய ஓர்தென்சியா,

ஒத்தடம் நல்ல பலன் கொடுத்தது. நன்றி. நீச்சல் கால்சட்டையை அலமாரியில் பார்த்தேன். எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். எதற்கு வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

நான் என் பையைக் கட்டி வைத்திருந்தேன், ஓர்தென்சியா. கட்டிலுக்கு அடியில். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ‘வாங்களேன்’ என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறியிருப்பேன். நீங்களோ வழிக்கு ரொட்டி கட்டும்போது, “உங்களுக்கு இங்க நோயாளிங்க காத்திருப்பாங்க,” என்றீர்கள். நீங்கள் தனியாகப் போக விரும்புகிறீர்கள், அதை என் மனம் நோகாமல் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் நயத்தை மெச்சிக்கொண்டு கையசைத்தேன்.

இப்போது யோசித்தால் தலை சுற்றுகிறது. நீங்கள் எனக்கு இடம் விட்டீர்கள், நான் உங்களுக்கு இடம் விட்டேன். கடைசியில் நடுவில் ஒரு மலைத்தொடரே நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மாவுக்கடை வைத்திருக்கும் அம்மாள் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தார்கள். மரத்துப் போகும் ஊசி சரியாக இறங்கவில்லை போலிருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டேன். “இல்லீங்க டாக்டர், நீங்க பண்ணுங்க,” என்றார்கள். இன்னொரு தடவை கேட்டேன். “சிரமப்படாதீங்க டாக்டர்,” என்றார்கள். பல் வெளியே வந்தபோது அம்மாள் நாற்காலியிலேயே மயங்கிக் கிடந்தார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பினால், வாயில் ரத்தத்தோடு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்! எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா! சொன்னாத்தானே தெரியும்!” என்று கத்திவிட்டேன். காத்திருந்தவர்கள் இரண்டு பேர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்கள்.

சத்தம் அடங்கிய பிறகு, வெறும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வசதிக்குக் குறைவு வராமல், உங்கள் ஓய்வு கெடாமல், அந்தக் கனவானின் மனமும் கோணாமல்… இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அடித்துவிடுகிறேன்.

எனக்கு மோலே வேண்டும். அவன் என் நாய். உங்களுடையவன் என்று சொன்னது உபசாரம். அவன் இல்லாமல் எனக்கு முடியவில்லை. அனுப்பிவையுங்கள்.

எழுதிவிட்டேன். மற்றபடி, நீங்கள் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அங்கே இருங்கள்.

எவரிஸ்தோ


போக்கா மான்சா,
பிப்ரவரி 24, 1997

அன்பிற்குரிய எவரிஸ்தோ,

உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வுல்ஃப்ரானோவிடம் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தார். மோலே பக்கத்தில் படுத்திருந்தான். வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

“வுல்ஃப்ரானோ, எனக்கு என் நாய் வேணும்,” என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். படகில் ஒரு துணையைப் பறிக்கிறோம், கோபப்படுவார், இல்லாவிட்டால் முகம் வாடும் என்று நினைத்தேன்.

“அப்ப எதுக்குக் குடுத்த?”

“கேட்டீங்கன்னு.”

“நான் எங்க கேட்டேன்? நல்லாருக்குன்னுதானே சொன்னேன்!”

“எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். யாரும் எடுத்துக்க மாட்டாங்க.”

அவர் சென்ச்சாவைக் கூப்பிட்டார். “இங்க வா, இவங்க ஊர்ல நாயைக் குடுப்பாங்களாம், எடுத்துக்கக் கூடாதாம்!” இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்துப் படகுக்காரர்களுக்கும் சொல்லப்பட்டது. கரை முழுக்கச் சிரிப்பு. “அப்ப இவங்க ஊருக்குப் போயி எந்த வீட்டையாவது நல்லாருக்குன்னு சொல்லணும்டா,” என்றான் ஒருவன். கடைசியில் வுல்ஃப்ரானோ கயிற்றை என் கையில் கொடுத்தார். “மொத நாளே சொல்லியிருந்தா நானும் அவன்மேல ஆசை வச்சிருக்க மாட்டேன்ல தாயி,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத நான் அந்த மனிதரையும் நோக வைத்துவிட்டேன்.

மோலே இப்போது என் காலடியில் கிடக்கிறான். மீன் நாற்றம் தாங்கவில்லை.

எவரிஸ்தோ, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நாம் சேர்ந்து வாழ்ந்த பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக நீங்கள் ஒன்றை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனம் துள்ளியது. கீழே படித்தால், அடுத்த வரியில் நான் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். நாயைக் கேட்டுவிட்டீர்கள், என்னைக் கேட்கவில்லை.

இது மறுபடியும் உபசாரமா, இல்லை நாய் மட்டும்தான் வேண்டுமா? பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்றும் எழுதுகிறீர்கள். ஒரு வரி வா என்கிறது, ஒரு வரி இரு என்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. இன்று நாய்க்காக ஒரு முறை வாயைத் திறந்துவிட்டேன், இரண்டாவது முறை அவ்வளவு கஷ்டமில்லை. கேட்கிறேன். உங்களுக்கு நான் வேண்டுமா? தேங்காய் உடைத்தது போல ஒரே வார்த்தையில் எழுதுங்கள். என் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம்.

ஓர்தென்சியா


புவேப்லா,
மார்ச் 5, 1997

அன்புள்ள ஓர்தென்சியா,

ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள்.

தெரியவில்லை.

அந்த வார்த்தையோடு உறையை ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்துவிட்டேன், அப்படியே விடுவது கொடுமை.

முதலில் ‘வேண்டும்’ என்றுதான் எழுதினேன். உடனே வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போனது. ‘உங்களுடையதுதான்’ என்பதும் அப்படித்தானே நமக்கு யோசிக்காமல் வருகிறது? மோலே வேண்டும் என்று எழுதியபோது வயிற்றிலிருந்து வந்தது. இது பேனாவிலிருந்து வந்தது. அடித்துவிட்டு, ‘வேண்டாம்’ என்று எழுதிப் பார்த்தேன். அது பொய் என்று தெரிந்தது. அதையும் அடித்தேன்.

ஜனவரியில் நீங்கள் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன், அது சத்தியம். ஆனால் இப்போது இந்த வீட்டில் ஒருவன் இருக்கிறான், அவனை எனக்கு முன்பு தெரியாது. பசித்தால் சாப்பிடுகிறான், வானொலியைச் சத்தமாக வைக்கிறான். அக்கா கொண்டுவந்த சௌசௌ சூப்பை வாயில் வைத்துவிட்டு, “எனக்கு இது பிடிக்காதுக்கா,” என்று சொல்லிவிட்டான். நீங்கள் வாராவாரம் வைத்து, நான் வாராவாரம் ஆகா என்று சொன்ன அதே சூப்புதான். அதைச் சொல்லிவிட்டு அன்று மாலை நான் அழுதேன், இந்த முறை மரியாதைக்கு இல்லை. இவ்வளவு வருடம் உங்களுக்கு நான் யாரைக் காட்டிக்கொண்டிருந்தேன்? நீங்களும் எனக்கு யாரைக் காட்டினீர்கள்? எனக்கு நீங்கள் இல்லாதது குறையாக இருக்கிறதா, இல்லை ‘உங்கள் இஷ்டம்’ என்று சொல்ல ஆள் இல்லாதது குறையா? உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன், பிடிபடவில்லை.

நீங்கள் திரும்பி வந்தால் கதவைத் திறப்பேன். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் உண்மையாக எழுத முடியவில்லை. இது உங்களை நோகடிக்கும். தெரிந்தே அனுப்புகிறேன்.

எவரிஸ்தோ


போக்கா மான்சா,
மார்ச் 14, 1997

அன்புள்ள எவரிஸ்தோ,

நோகத்தான் செய்தது. சென்ச்சா பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று சத்தமாக அழுதேன். அவள் ஒன்றும் கேட்காமல் இன்னும் நாலு பாத்திரத்தைக் கொண்டுவந்து போட்டாள்.

ஆனால் அழுது முடித்ததும் ஒன்று தெரிந்தது. நீங்கள் என்னிடம் சொன்னதிலேயே அதிக அன்பான வார்த்தை அந்தத் ‘தெரியவில்லை’தான். ‘வேண்டும்’ என்று எழுதியிருந்தால் நான் வண்டியைக் கிளப்பி வந்திருப்பேன், நீங்கள் கதவைத் திறந்திருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை சௌசௌ சூப் வைத்திருப்பேன். அடக் கடவுளே, எனக்கும் அது பிடிக்காது. உங்களுக்குப் பிடிக்கும் என்று வைத்தேன்.

பந்தலுக்குப் பின்னால் சென்ச்சாவுக்கு ஒரு அறை இருக்கிறது, அதில்தான் நான் தங்கியிருக்கிறேன். மற்ற சமயம் ஆமை முட்டை பார்க்க வரும் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். முந்தாநாள் மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே, “ஏம்மா, நீ போறியா, இருக்கியா? போறதா இருந்தா அறையை அவங்களுக்குக் குடுத்துருவேன்,” என்றாள். “இருக்கேன்,” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். நான்தான் அங்கேயே நின்றேன், இதைச் சொன்னது யார் என்று. எவரிஸ்தோ, நான் யோசிக்கவே இல்லை, ஆனாலும் வயிற்றிலிருந்து வந்தது. இரண்டு நாள் காத்துப் பார்த்தேன், மாறவில்லை.

நான் வரவில்லை. உங்களுக்கு இடம் விடுவதற்காக இல்லை, நீங்கள் தெரியவில்லை என்று சொன்ன கோபத்திலும் இல்லை. எனக்கு இங்கே இருக்க வேண்டும். நாம் பிரிந்துவிட்டோம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் எனக்கும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். இதை எழுதும்போது நெஞ்சு வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பெலூசா என்னோடு இருப்பாள். மோலேயை இந்தக் கடிதத்தோடு நசாரியோ கொண்டுவருவார். அவர் புவேப்லா மொத்தச் சந்தைக்குத் தேங்காய் லாரி ஓட்டுபவர், நல்ல மனிதர். முன் இருக்கையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வுல்ஃப்ரானோ வழியனுப்ப வரமாட்டேன் என்றார், அப்புறம் ஒரு பொட்டலம் மீன் தலையோடு வந்தார்.

மோலேயிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் இங்கே ஒன்று பழகிவிட்டான். பொழுது சாயும்போது போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரமாகப் போய்க் கடலைப் பார்த்து உட்காருவான். அழைத்தாலும் வரமாட்டான். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அங்கே முற்றத்தில் அவன் அந்த நேரத்துக்கு எழுந்து எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சுற்றுவான். நோயாளி இருந்தாலும் பரவாயில்லை, காத்திருக்கச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஓர்தென்சியா